கேஜ் மாமா

குழந்தைக்கு ரயில் பொம்மை வாங்கப் போகிறீர்களா? கடைக்காரரிடம் கேளுங்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள், ஜோசியரிடம்கூடக் கேளுங்கள். கேஜ் மாமாவின் காதில் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்துவிட்டால் அந்தப் பிறந்தநாள் உங்கள் கையில் இல்லை.

மாமா ரயில்வேயில் வேலை பார்த்தவர் அல்ல. ரயில்வேக்காரர்கள் ரயிலைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. பாஸ், குவார்ட்டர்ஸ், பதவி உயர்வு, இதோடு சரி. மாமா கூட்டுறவு வங்கியில் பேரேடு எழுதி ஓய்வு பெற்றிருப்பார். ஆனால் தூரத்தில் ஹார்ன் கேட்டால் கையிலிருக்கும் காபியை அப்படியே நிறுத்தி, "டபிள்யூ.ஏ.பி.-7" என்று எஞ்சின் வகையைச் சொல்வார். எந்தப் பேச்சையும் 1856 ஜூலை 1, ராயபுரம், வாலாஜா ரோடு, தென்னிந்தியாவின் முதல் ரயில் என்று கொண்டுபோய் நிறுத்துவார். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது ஒரு வகையைப் பற்றிய கட்டுரை. தனி மனிதர் யாரையும் குறிப்பதல்ல. இந்த வகையினர் எல்லோரும் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை போட்டிருப்பார்கள். சட்டைப் பையில் வெர்னியர் காலிப்பர் இருக்கும். வில்லிவாக்கத்தில் இரண்டாவது மாடியில் குடியிருப்பார்கள். என் மனைவிக்கு அண்ணன் முறை ஆவார்கள்.

பொறுத்துக்கொள்ள முடியாதது, பொம்மைக் கடையில் மாமா குந்தி உட்காருவது. ரயில் பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்துத் தரையில் வைப்பார். அதற்கு எதிரே குந்துவார். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, தண்டவாள மட்டத்துக்குப் பார்வையை இறக்குவார். பின்னால் தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு தாய் வழி கேட்டுக்கொண்டு நிற்பாள். மாமா நகர மாட்டார். ஒரு நிமிஷம் கழித்து, வைத்தியர் நாடி பார்த்துவிட்டுச் சொல்வதுபோலத் தாழ்ந்த குரலில் வரும் தீர்ப்பு:

"அது அப்படி வராதே, மாப்ள."

எது வராது? முதல் கடையில் ஒரு நீராவி எஞ்சின். இரண்டு பேட்டரி போட்டால் எட்டு வடிவத் தண்டவாளத்தில் சுற்றும், விளக்கு எரியும், கூவும். என் பெண் அதைப் பார்த்ததும் கைதட்டினாள். நாலு வயது அவளுக்கு. மாமா குந்தினார்.

"ஸ்டீம் எஞ்சின்ல எலெக்ட்ரிக் வண்டி ஹார்ன் எப்படிம்மா வரும்?" என்று கடைப் பெண்ணைக் கேட்டார்.

"பட்டன அமுக்கினா வரும் சார்."

"அது சரி. சக்கரத்தை இணைக்கிற ராடு எங்க? ஸ்டிக்கர்ல அச்சடிச்சு ஒட்டியிருக்கான் பாருங்க. இந்த எஞ்சின் எப்படிம்மா ஓடும்?"

எஞ்சின் அவருடைய முட்டிக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்து நீலமும் வெள்ளையுமாக வந்தே பாரத். இதில் என்ன சொல்லிவிட முடியும் என்று நினைத்தேன். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பிறந்த வண்டி. மாமாவின் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் பிறந்த இடமே தெரிகிற தூரம். மாமா குந்தினார். முதல் பெட்டியைக் கழற்றிப் பார்த்தார். பேட்டரி, மோட்டார் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. மற்றப் பெட்டிகள் சும்மா இழுபட்டு வந்தன. "வந்தே பாரத்துக்குத் தனி எஞ்சினே கிடையாது மாப்ள. மோட்டார் பெட்டிகளுக்கு அடியிலேயே இருக்கு. அதானே அந்த வண்டியோட விசேஷம்? இவன் முன்னாடி ஒண்ண வெச்சு இழுக்க விட்டிருக்கான். குழந்தை மனசுல இது பதிஞ்சிட்டா அப்புறம் எடுக்கவே முடியாது." குழந்தை மனசில் அப்போது பதிந்திருந்தது பக்கத்து அலமாரியிலிருந்த லெவல் கிராஸிங் கேட். சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட பிளாஸ்டிக் கேட். கையால் தூக்கலாம், இறக்கலாம். அதை நான் கவனித்தேன். மாமா கவனிக்கவில்லை.

எங்கே போனாலும் கடைசியாக வெளியே வருவது வெர்னியர். இந்தியாவின் அகலப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம், அதாவது கேஜ், 1,676 மில்லிமீட்டர். உலகத்தில் அதிகம் விற்கும் மாதிரி ரயில் அளவு ஹெச்.ஓ.; அசலில் 87இல் ஒரு பங்கு. 1,676ஐ 87ஆல் வகுத்தால் 19.26 வரவேண்டும். ஆனால் ஹெச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5தான். ஆக, நம் ஊர் எஞ்சினை அந்த அளவில் செய்து அந்தத் தண்டவாளத்தில் ஏற்றினால் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் பொய். இதைச் சொல்லும்போது மாமாவின் குரல் தழுதழுக்கும். சொந்தத் தங்கை கல்யாணத்தில் சாம்பார் தீர்ந்துபோனபோது இவ்வளவு கலங்கவில்லை. நான் அந்தப் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இந்த வியாதி வில்லிவாக்கத்தோடு நிற்பதும் இல்லை. இங்கிலாந்தில் மாதிரி ரயில்களை 76.2இல் ஒரு பங்காகச் செய்து, அதே 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில்தான் பல தலைமுறைகளாக ஓட்டுகிறார்கள். அந்த ஊர் எஞ்சின்கள் ஒடுக்கம். அந்தக் காலத்து மோட்டாரை உள்ளே நுழைக்க உடம்பைக் கொஞ்சம் பெரிதாக்கினார்கள், தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். கணக்குப்படி 18.83 வேண்டும். ஒரு கூட்டம் 18.2க்கு அகட்டிக்கொண்டது. இன்னொரு கூட்டம் அதுவும் போதாது என்று 18.83க்கே போய்ச் சேர்ந்தது. மற்றவர்கள் இவர்களை ரிவெட் எண்ணுகிறவர்கள் என்று கேலி செய்வார்கள். மாமா ரிவெட் எண்ணுவதில்லை. பூதக்கண்ணாடி வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

"மச்சான், நாலு வயசுக் குழந்தைக்கு மூணு மில்லிமீட்டர் தெரியவா போகுது?" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாது மாப்ள. குழந்தைங்களுக்குத் தெரியும்."

இப்படிச் சொல்லிச் சொல்லியே பிறந்தநாள் வந்து போனது. கேக் வெட்டினோம். மற்றவர்கள் கிரேயான், சைக்கிள் மணி, கவுன் என்று கொண்டுவந்தார்கள். தாய்மாமன் வெறுங்கையோடு வந்து, "மருமகளே, மாமா உனக்குச் சரியான கேஜ்ல வரவழைக்கிறேன்" என்றார். அவள் அவருடைய சட்டைப் பையிலிருந்த வெர்னியரைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள். அன்று அவர் வகையில் அவளுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அதையும் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

சில மாதம் கழித்து, யாரோ ஒருவர் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தார். ஜெர்மன் சரக்கு ரயில். கறுப்பு நீராவி எஞ்சின், நிலக்கரித் தொட்டி, மூன்று வேகன். இது ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆனாலும் பதில் வந்தது. ஐரோப்பாவின் ஸ்டாண்டர்ட் கேஜ் 1,435 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 16.49. "புள்ளி பூஜ்யம் ஒண்ணு மாப்ள! அதான் வித்தியாசம்!" 1891இல் லைப்சிக் சந்தையில் ஒரு ஜெர்மன் கம்பெனி பொம்மைத் தண்டவாளங்களுக்கு அளவு நிர்ணயித்துக் கொண்டுவந்த கதையையும் அன்றைக்கே சொல்லி முடித்தார். பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் போகிற வண்டியைத் தவிர வேறெதையும் பார்த்திராத குழந்தைக்கு, அளவு சரியாக வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக, ஜெர்மனியில் நிலக்கரி ஏற்றுகிற வண்டி.

"சென்னை மெட்ரோவும் ஸ்டாண்டர்ட் கேஜ்தானே? மெட்ரோன்னு சொல்லிடலாமே?" என்றேன், சமாதானமாக.

"மெட்ரோல ஸ்டீம் எஞ்சினா?" என்று என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெட்டியில் 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று போட்டிருந்தது. மாதிரி ரயில் வேறு, பொம்மை ரயில் வேறு. முன்னதில் படிக்கட்டுக் கைப்பிடிகூட ஊசிபோல இருக்கும். ஒடிந்தால் குழந்தையின் வாய்க்குப் போகும். மூன்று நாலு வயதுக்கு மரத் தண்டவாளமும் காந்தக் கொக்கி வைத்த மரப் பெட்டிகளும் போதும். கொக்கியின் காந்தம் கழன்று வராமல் இருக்க வேண்டும். சன்னபட்னா மர ரயில் ஒன்றைக் கயிறு கட்டி இழுக்கலாம். 2021 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் விற்கிற பெரும்பாலான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அது இருக்கிறதா, பேட்டரி மூடிக்குத் திருகாணி இருக்கிறதா என்று பார்த்தால் வேலை முடிந்தது. மின்சாரத்தில் ஓடுகிற செட் எட்டு வயதுக்கு மேல். கடையில் நிற்கிற யாரும் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுகிற விஷயம். இறக்குமதி வரி வேறு 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023இல் 70 ஆனதில் வெளிநாட்டுச் செட்டின் விலையைக் கேட்டாலே வயிறு கலங்குகிறது. அந்தக் காசில் கேட்கள் மட்டுமே நாற்பது வாங்கியிருக்கலாம். அவள் கேட்டது கேட்தான். யாரும் அவளைக் கேட்கவில்லை.

ரயில் வந்த பிறகு எங்கள் சாப்பாட்டு மேஜை போனது. நாலடிக்கு மூன்றடி பிளைவுட் பலகையில் வட்டப் பாதை. அதற்குக் குறைந்தால் வளைவு நெருக்கமாகிவிடுமாம். கடற்காற்றும் தூசியும் படிந்து தண்டவாளத்தில் மின்சாரம் ஏறாது என்று மாமா ஞாயிறு தோறும் வந்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பார். துடைத்து முடிக்கச் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும். நாங்கள் தரையில் சாப்பிடுவோம்.

குழந்தைக்கு ஒரு தடவை ரயிலின் வேகத்தைக் கூட்டுகிற திருகைக் கொடுத்தார். பன்னிரண்டு வோல்ட், அதில் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்ற வேண்டும். அவள் ஒரே திருகாகத் திருகினாள். எஞ்சின் வளைவில் வளையாமல் நேராகப் போய்ச் சட்னிக் கிண்ணத்தில் விழுந்தது. அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அந்த ரயில் அவளுக்குக் கொடுத்த முழு சந்தோஷமும் அந்த ஒரு நொடிதான்.

மாமா விசாரணை வைத்தார். இந்தியாவில் ரயில் விபத்துகளை விசாரிக்கும் பாதுகாப்பு ஆணையர்கள் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறார்கள். ரயில்வே தன்னைத் தானே விசாரித்துக்கொள்ளக் கூடாது என்பது ஏற்பாடு. இதை எனக்குச் சொன்னவரே மாமாதான். ஆனால் எங்கள் வீட்டு விபத்தில் தண்டவாளம் போட்டவர், வண்டி வாங்கியவர், விசாரித்தவர், தீர்ப்பு எழுதியவர் எல்லாம் ஒருவரே. தவறு: லோகோ பைலட். தண்டனை: நிரந்தரப் பணிநீக்கம்.

அவள் அதற்கெல்லாம் அசரவில்லை. கரண்டியைக் குறுக்கே வைத்து, "கேட் மூடியாச்சு, எல்லாரும் நில்லுங்க" என்றாள். நியாயமான கேட் கீப்பர். மாமா அதையும் விடவில்லை. "மருமகளே, கேட் பூட்டினப்புறம்தான் சிக்னல் விழணும். அது இன்டர்லாக்கிங். நீ சிக்னல் விழுந்தப்புறம் கேட்ட மூடுறியே, அது அப்படி வராதே."

நவராத்திரி வந்ததும் என் மனைவி ஒரு யோசனை சொன்னாள்: கொலுவுக்குக் கீழே பார்க் வைத்து, ரயிலை அங்கே ஓட விடலாம், மேஜை திரும்பக் கிடைக்கும். மாமாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மண் பரப்பி, கடுகு விதைத்து, கண்ணாடித் துண்டில் குளம் வைத்தோம். சில நாளிலேயே மாமாவின் முகம் வாடியது. கடுகுச் செடி சிக்னல் கம்பத்தை விட உயரமாகிவிட்டது. அதைவிடப் பெரிய துயரம் செட்டியார் பொம்மை. மளிகைக் கடை பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த செட்டியாரின் தொப்பைக்கு எங்கள் எஞ்சின் எட்டவில்லை. மாமா குந்தினார், ஒரு கண்ணை மூடினார். செட்டியாரின் உயரத்தை வெர்னியரால் அளக்க முடியாததால் டேப் எடுத்து அளந்தார். "எட்டில் ஒண்ணு" என்றார் சோகமாக. "ரயில் எண்பத்தேழில் ஒண்ணு." செட்டியாரை மேல் படிக்கு அனுப்பலாமா என்றும் கேட்டார். என் மனைவி, "அண்ணா, அது பாட்டி காலத்துப் பொம்மை. உங்க ரயில வேணா தூக்கி வைக்கட்டுமா?" என்றாள்.

ஆனால் சாயங்காலங்களில் மாமாவைப் பார்க்க வேண்டும். சுண்டலுக்கு வந்த பெண்கள் பாட்டுப் பாடி முடிக்கும்வரை பணிவாகக் காத்திருப்பார். கடைசி அடி முடிந்ததும் திருகைத் தொடுவார். அவ்வளவு மெதுவாக, ஒரு பொட்டுக் குலுங்கல் இல்லாமல், வண்டி கிளம்பும். வந்திருக்கும் குழந்தைகள் எல்லாம் நெருங்கி வந்து குந்திக்கொண்டு, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்க்கும். அந்த ஊர் வண்டி எப்படி நிற்கும், எப்படித் தண்ணீர் பிடிக்கும் என்று மாமா சொல்லச் சொல்ல, மடியில் இடம் பிடிக்கச் சண்டை நடக்கும். யாரும் தொடக் கூடாது, அது மட்டும் கண்டிப்பு.

சரஸ்வதி பூஜை அன்று புத்தகம், வீணை, தையல் மெஷின், என் ஸ்கூட்டர் சாவி எல்லாவற்றோடும் எஞ்சினும் பூஜைக்கு வந்தது. மாமா வெர்னியரையும் எடுத்து வைத்தார். எஞ்சினுக்குச் சந்தனம் இட்டார், கொக்கியில் படாமல், தீக்குச்சி முனையால். சூடம் காட்டி முடிந்ததும் வழக்கம்போலத் திருகை நோக்கி நகர்ந்தார்.

"மாமா!" என்றாள் என் பெண். கையில் கரண்டி, குறுக்கே நீட்டியிருந்தாள். "பூஜையில வெச்சத இன்னைக்கு யாரும் தொடக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. நீங்களும்தான்."

மாமா அவளைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், கையைப் பின்னுக்கு எடுத்தார்.

"இன்னைக்கு லைன் பிளாக்" என்று எல்லோருக்கும் அறிவித்துவிட்டு, சுண்டல் எடுத்துக்கொள்ளப் போனார்.