ரெக்கார்டிங் போடுவீங்களா டீச்சர்?

எங்கள் ஆன்லைன் பாட்டு வகுப்பில் ஓசூர் சாருக்கு நேற்றும் ஒரு சின்ன டவுட் வந்துவிட்டது.

அவருக்கு டவுட் வருவது எப்போதும் என் முறை வரும்போதுதான். வாரம் முழுக்கச் சித்தூர் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று, பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துகிற அளவுக்குச் சாதகம் செய்த பௌளி ராகச் சரணம் அது. தொண்டையைச் செருமி, மியூட்டை எடுத்து, வாயைத் திறக்கிறேன். "மேடம், எம்.எஸ். அம்மா பாடினதுல இந்த இடம் கொஞ்சம் வேற மாதிரி இருக்கே?" என்று ஒரு குரல். திருப்பதியில் உட்கார்ந்திருக்கும் டீச்சரம்மா நல்லவர். நல்லவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வார்கள். சொன்னார். அந்தப் பதிலிலிருந்து ஓசூர் சார் இன்னொரு டவுட்டைப் பெற்றெடுத்தார். அதற்கும் பதில். பிறகு என் பக்கம் திரும்பி, "டைம் ஆயிடுச்சி சார், உங்களுது நெக்ஸ்ட் கிளாஸ்ல பாத்துக்கலாம்."

ஆன்லைன் குழு வகுப்பில் கட்டின காசுக்கு முழுப் பலன் பெறுவது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வழிகள் இருக்கின்றன, சொல்கிறேன். அதற்கு முன்னால் வரிசையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்.

திருமலைக்குப் போய் வந்தவர்களுக்கு இந்த வகுப்பு புதிதே இல்லை. வைகுண்டம் கியூ காம்ப்ளெக்ஸில் கம்பார்ட்மென்ட் கம்பார்ட்மென்ட்டாக அடைபட்டுக் கிடப்போமே, இங்கே அதற்கு வெயிட்டிங் ரூம் என்று பெயர். அங்கேயாவது பாலும் உப்புமாவும் கொடுப்பார்கள். கதவு திறந்ததும் ஓட்டம். ஓட்டத்தில் முந்தினவர் அம்பத்தூர் மாமி என்றால் அன்றைக்கு முதல் பாட்டு மாமியுடையது. அப்புறம் நகராத நீண்ட வரிசை. நடுநடுவே யார் வீட்டுக் குக்கரோ விசில் அடிக்கும், அதுதான் கோவிந்தா கோஷம். கடைசியில் சன்னதி வரும், ஒரு நொடி. இரண்டு வரி பாடுவதற்குள் 'ஜருகண்டி'. அங்கே தோளில் கை வைத்துத் தள்ளுவார்கள், இங்கே மரியாதையாக 'நெக்ஸ்ட்'. ஆனாலும் பின்பக்கமாகவே நடந்து, கண்ணிலிருந்து மறைகிறவரை பெருமாளைப் பார்த்துக்கொண்டு போகும் பாட்டிகளைப்போல, மியூட் ஆன பிறகும் வாயசைத்துக்கொண்டே இருக்கிற நியூ ஜெர்சி அம்மாவை நீங்கள் பார்க்க வேண்டும். ஜூமில் இலவசக் கணக்கு என்றால் நாற்பதாவது நிமிடம் நடை சாத்திவிடும். அதே லிங்க்கில் மறுபடி வர வேண்டும். மறுபடி கம்பார்ட்மென்ட், மறுபடி ஓட்டம், மறுபடி மாமி.

பிரசாதத்தை மறந்துவிட்டேனே. தரிசனம் எப்படிக் கிடைத்தாலும் லட்டு கைக்கு வந்தால் மனசு ஆறிவிடுகிறதல்லவா? இங்கே லட்டு, ரெக்கார்டிங். "டீச்சர், ரெக்கார்டிங் போடுவீங்களா?" என்று மாமி கேட்காத நாள் கிடையாது. "போடுறேம்மா." உடனே அத்தனை ஜன்னல்களிலும் ஒரு நிம்மதி. இனிமேல் கவனிக்க வேண்டியதில்லை. மாமி காய் நறுக்கப் போவார். நான் கேமராவை அணைத்துவிட்டு மாங்காய் மண்டி விலை பார்ப்பேன். ஒரு வித்தியாசம், லட்டை வீட்டுக்குக் கொண்டுபோனால் யாராவது சாப்பிடுவார்கள்.

நம்மைச் சொல்லிக் குற்றமில்லை, இது இந்த மலையின் பழைய சம்பிரதாயம். நாங்கள் கற்கும் கீர்த்தனைகளை எழுதிய அன்னமாச்சாரியார் (1408–1503) முப்பத்திரண்டாயிரம் பாடினார் என்பார்கள். அவர் குடும்பத்தார் அவற்றைச் செப்பேட்டில் வெட்டி, கோயிலுக்குள் ஒரு கல் அறையில் அடுக்கினார்கள். அன்றைய தேதிக்கு அதைவிட உயர்ந்த ரெக்கார்டிங் கிடையாது. அப்புறம் என்ன ஆயிற்று? நூற்றாண்டுக் கணக்கில் ஊரே மறந்துபோய், 1922 வாக்கில்தான் தூசு தட்டினார்கள். ஏட்டில் ராகத்தின் பெயர் இருந்தது, ஸ்வரம் இல்லை. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்றவர்கள் உட்கார்ந்து மெட்டுப் போட வேண்டியதாயிற்று. எம்.எஸ். அம்மா பாடியது வேறு மாதிரி இருக்கிறதே என்று கேட்கிற ஓசூர் சாருக்கு இதைச் சொல்லலாம். சொன்னால் அதில் நாலு டவுட் வரும்.

எல்லோரும் சேர்ந்து பாடுவதாவது உண்டா என்றால், அதுவும் இல்லை. ஒவ்வொரு ஊர்க் குரலும் ஒவ்வொரு தாமதத்தில் வந்து சேரும். ஆதி தாளத்துக்கு ஒரே ஒருமுறை எல்லோரையும் தட்டச் சொன்னார் டீச்சரம்மா, தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை. அன்றிலிருந்து எல்லோரும் மியூட்டில். சுருதிப் பெட்டியை வைத்தாலோ, நிற்காமல் ஒலிக்கிற அந்த ரீங்காரத்தை ஃபேன் சத்தம் என்று நினைத்துச் செயலி வடிகட்டிவிடும். 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒரு பொத்தான் உண்டு, அதைப் போட்டால் சரியாகும். முழுப் பலனுக்கான வழி என்று உறுதியாக என்னால் சொல்ல முடிந்தது இந்த ஒன்றைத்தான். அதைக் கண்டுபிடித்துச் சொன்னவரும் ஓசூர் சார்.

அந்த மனிதர் எல்லா ரெக்கார்டிங்கையும் பார்க்கிறார்! இன்று காலை குழுவில், 'மேடம், 31வது நிமிடத்தில் சங்கதி சரியா?' என்று கேட்டிருக்கிறார். முப்பத்தொன்றாவது நிமிடம் என்னுடையதாக இருந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் வருமா, பின்னால் வருமா என்று நியூ ஜெர்சி அம்மா. மாமி ஒரு கும்பிடு போட்டிருக்கிறார், எதற்கென்று தெரியவில்லை. டீச்சரம்மா மூவருக்கும் பொறுமையாகப் பதில் தட்டிக்கொண்டிருக்கிறார்.

எனக்குச் சான்றிதழ் வேண்டாம். அந்தச் சரணத்தை ஒரு தடவை முழுசாகப் பாட விட்டால் போதும். பக்கத்து வீட்டுக்காரரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்.