ஒருத்தன் சொல்றான்

"பி650 மதர்போர்டு போதும் அண்ணே, கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க" என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் அவர் தே தாரிக் கிளாஸை மேசையில் வைத்துவிடுவார். கிளாஸ் கீழே இறங்கினால் முடிந்தது கதை. "அது சரி தம்பி. ஆனா ஒருத்தன் சொல்றான்..."

எந்த ஒருத்தன் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் ராத்திரி பதினொன்றரைக்கு வீடியோ வரும். ஒரு நாள் அவன் நீள முடி வைத்த அமெரிக்கன், மறுநாள் ஆஸ்திரேலியாக்காரன். பெங்களூர்ப் பையனாகவும் இருப்பான், கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் கடை வைத்திருப்பவனின் மச்சானாகவும் இருப்பான். இருபது மதர்போர்டை வரிசையாக வைத்து மணிக்கணக்கில் சூடேற்றி அளந்தவனும் ஒருத்தன்தான். அந்த வீடியோவுக்குக் கீழே "என்னோடது மூணு மாசத்துல புகைஞ்சிடுச்சு" என்று ஒற்றை வரி எழுதிவிட்டு ஓடியவனும் ஒருத்தன்தான். அண்ணனுக்கு இரண்டு சாட்சியும் ஒன்று. பின்னவனுக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பே உண்டு. "அனுபவிச்சவன் சொல்றான் தம்பி."

எல்லாம் 555 நோட்டில் ஏறும். மளிகைக்கடையில் கடன் எழுதுவார்களே, அதே நோட்டு. இடப்பக்கம் வாங்கலாம், வலப்பக்கம் கூடாது. அசுஸ், கிகாபைட், எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கங்கள். நாலுமே தைவான் கம்பெனிதான், ஏஎஸ்ராக்கே 2002-ல் அசுஸிலிருந்து கிளைத்ததுதான் என்று நான் சொன்னபோது, 'பங்காளித் தகராறு' என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார். கணக்கு முடிகிறபோது இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தூக்கம் வராது. குறைகிற பக்கத்துக்கு ஒருத்தனைத் தேடிப் பிடித்துவிட்டுத்தான் படுப்பார்.

விஆர்எம் என்று ஆரம்பித்தால் கடை மூடும்வரை ஓடும். பவர் சப்ளை கொடுக்கிற 12 வோல்ட்டை ப்ராசஸர் தாங்குகிற ஒரு வோல்ட் சொச்சத்துக்கு இறக்கித் தருகிற பகுதி அது. அண்ணன் வாங்க நினைக்கிற ப்ராசஸருக்கு நடுத்தர போர்டில் இருப்பதே தாராளம். அண்ணனுக்கு 16 ஃபேஸ் வேண்டும். ஏனென்றால் வீடியோக்காரன் ஏர்கான் போட்டு 21 டிகிரியில் அளக்கிறானாம். ஆயர் ஈத்தாமில் இவருடைய மாடி அறை மத்தியானத்தில் 33. "பன்னெண்டு டிகிரி கூட்டிக்கணுமா இல்லையா?" கூட்டத்தான் வேண்டும். எனக்கு எரிச்சலே அங்கேதான். மனிதர் உளறினால் சிரித்துவிட்டுப் போகலாம். பாதி நேரம் சரியாகப் பேசித் தொலைக்கிறார்.

உலகமும் அவருக்கு ஒத்து ஊதுகிறது. 2020 மே மாதம், பி450 போர்டுகளில் அடுத்த தலைமுறை ரைசன் ஓடாது என்றது ஏஎம்டி. வாங்கியவர்கள் கூச்சல் போட்டதும், இரண்டு வாரத்துக்குள் ஓடும் என்றது. "செஞ்சவனே மாத்திப் பேசுறான், நீ எப்படி உறுதியா சொல்ற?" பதில் இல்லை. 2023 ஏப்ரலில் ரைசன் 7000 வரிசை எக்ஸ்3டி சில்லுகள் சில, சாக்கெட்டோடு கருகின. எஸ்ஓசி வோல்டேஜ் 1.3-ஐத் தாண்டாதபடி அவசரமாகப் புது பயாஸ் விட்டார்கள். "பாத்தியா?" சரி, இன்டெல் பக்கம் போங்கள் என்றோம். போகலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தார். 2024-ல் 13, 14-ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் தள்ளாட ஆரம்பித்தன. தேவைக்கு மேல் வோல்டேஜ் போகிறது என்று இன்டெலே ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் மைக்ரோகோட் விட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீட்டியது. அன்றைக்கு ஒட்டுக்கடையில் அண்ணன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வாங்காமலே ஜெயித்த மனுஷன்.

கொம்தாருக்கும் பிராங்கின் மாலுக்கும் கூட்டிக்கொண்டு போனதும் உண்டு. தௌகே மூன்று பெட்டியை எடுத்துப் போட்டு, "சாமா சாஜா லா, பாஸ்" என்றார். எல்லாம் ஒன்றுதான் என்கிற வியாபாரியை அண்ணன் நம்ப மாட்டார். இதுதான் நல்லது என்கிற வியாபாரியையும் நம்ப மாட்டார், அவனுக்குக் கமிஷன்.

வீட்டிலேயே ஒரு நிபுணர் இருக்கிறார், அவருடைய அம்மா. இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை 1972-ல் பாயான் லெப்பாஸில் வைத்தது; ஏஎம்டியும் அதே வருடம் வந்தது. அந்த வட்டாரத்து லைன்களில் மைக்ராஸ்கோப்பைப் பார்த்தபடி, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டிய பெண்களில் அந்த அம்மாவும் ஒருவர். இன்டெல் ப்ராசஸர் மூடியில் 'மலாய்' என்று பொறித்திருக்குமே, அந்தக் காலத்து ஆள். "நாங்க ஒட்டி அனுப்புனத வாங்குறதுக்கு ஏன்யா உனக்கு இத்தன யோசன?" என்று கேட்டார். மறுநாள் அண்ணன் என்னிடம் வந்து, "ஒருத்தங்க சொல்றாங்க தம்பி, யோசிக்கவே தேவையில்லையாம்" என்றார். பெற்ற தாயும் நோட்டில் ஒரு வரி.

பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு சாயங்காலம் பக்கத்து மேசை நண்பர் இவருக்கு ஏதோ சிபாரிசு செய்தார். கிளாஸ் கீழே இறங்கியது. "ஆனா ஒருத்தன் சொல்றான், பி650 போதுமாம், கண்ண மூடிக்கிட்டு வாங்கலாமாம்..." நான் அவருக்கு இடப்பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கம் திரும்பவே இல்லை.

சிரிப்பெல்லாம் போகட்டும், ஒன்றை நேராகவே சொல்கிறேன். இந்தக் கம்ப்யூட்டர் அவருக்கு இல்லை, மகளுக்கு. அவள் ஆறாம் படிவம் சேர்ந்தபோது கொடுத்த வாக்கு. இப்போது யுஎஸ்எம்மில் கடைசி வருடம். லைப்ரரியில் இடம் கிடைக்காத நாளில் அசைன்மென்டைக் கைப்பேசியில் தட்டி அனுப்புகிறாள். இதற்குள் 2025 கடைசியில் ஏஐ தரவு மையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, டிடிஆர்5 ரேம் விலை சில மாதங்களிலேயே இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. பாலம் தாண்டி பத்து காவானில் ஃபேக்டரி வைத்திருக்கிற மைக்ரான்கூட, க்ரூஷியல் என்ற பெயரில் சில்லறைக் கடைகளுக்கு விற்பதை நிறுத்தப்போகிறோம் என்று டிசம்பரில் அறிவித்தது. போர்டில் ஐம்பது வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் ரேமில் பல நூறு வெள்ளி போயிற்று. இதற்கு எந்த ஒருத்தன் பொறுப்பு? அந்தப் பெண் ஒரு தடவைகூட அப்பாவைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நோட்டில் எந்தப் பக்கம் எழுதியிருப்பாரோ.

இத்தனைக்கும் மோசமான மனிதர் இல்லை. போன மாதம் என் வீட்டுக் கம்ப்யூட்டர் இடி விழுந்த மறுநாள் எழுந்திருக்கவில்லை. மழையில் நனைந்துகொண்டே ஸ்குரூ டிரைவரோடு வந்தார். திறந்து முகர்ந்து பார்த்தார், போர்டு போய்விட்டது என்றார். எது வாங்கட்டும் என்று கேட்டேன். நோட்டைத் தொடவில்லை, எந்த ஒருத்தனையும் கூப்பிடவில்லை. போர்டின் பெயர், கடையின் பெயர், எத்தனை வெள்ளிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது வரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். மறுநாள் அவரே உட்கார்ந்து பூட்டி, பயாஸ் புதுப்பித்து, ஒயர்களை அழகாகப் பின்னால் கட்டிக் கொடுத்தார். இன்றுவரை ஒரு குறை இல்லை.

"அண்ணே, இதையே பாப்பாவுக்கும் வாங்கிடுங்களேன்" என்றேன்.

"இதுவா?" என்று பெட்டியை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "இது உனக்குப் போதும் தம்பி."