நாம சார்

“நேத்து நாம ஆப்பிரிக்காவைச் சேர்த்துக்கிட்டோம்.”

மதர் டெய்ரி பால் வரிசையில் எனக்கு முன்னால் நின்றுகொண்டு நாம சார் இதைச் சொன்னது 2023 செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை காலை. எந்தச் சங்கத்தில், சந்தா எவ்வளவு என்று கேட்க வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன். முந்தின நாள் தில்லி பாரத் மண்டபத்தில் தொடங்கிய மாநாட்டில் ஆப்பிரிக்க ஒன்றியத்தை ஜி20-இன் நிரந்தர உறுப்பினராக்கினார்கள். ஒன்றியத்தின் தலைவர் அசாலி அசூமானியைப் பிரதமர் கட்டித் தழுவி உட்காரவைத்தார். அந்த நேரத்தில் நாம சார் யமுனைக்கு இந்தப் பக்கம், மயூர் விஹாரில், தன் வீட்டுச் சோபாவில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஆனாலும் சேர்த்தது ‘நாம’தான்.

இவரை உங்களுக்குத் தெரியும். சந்திரயான் நிலவில் இறங்கிய மறுநாள், ராத்திரி முழுக்கத் தானே ஓட்டிக்கொண்டு போனவர்போலக் கண் சிவந்து நடந்தவர். ஏதோ ஓர் அமைச்சகத்தில் கோப்பு தள்ளி ஓய்வு பெற்றவர். காலையில் நடை, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் பார்க் பெஞ்சு. இதெல்லாம் எவருக்கும் உள்ளது. எனக்கு அவரோடு தகராறு அந்த ஒற்றைச் சொல்லில்தான்.

தமிழில் பிறந்தவனுக்கு இது சின்ன விஷயமில்லை. ‘நாம்’ என்றால் கேட்பவனும் உள்ளே. ‘நாங்கள்’ என்றால் கேட்பவன் வெளியே. கல்யாண வீட்டில் “நாம சாப்பிடலாம்” என்றால் உங்களுக்கும் இலை உண்டு. “நாங்க சாப்பிடறோம்” என்றால் கை கழுவத் தண்ணீர்கூடக் கிடையாது. இந்திக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை, ‘ஹம்’ என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். கிழக்கு உத்தரப்பிரதேசத்துக்காரர் ‘நான்’ என்பதற்கும் அதையே வைத்துக்கொள்வார். நாற்பது வருட தில்லி வாசத்தில் நாம சாருக்கும் அது ஒட்டிக்கொண்டது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். கூர்ந்து கேட்டபோதுதான் தெரிந்தது, மனிதர் இலக்கணத்தில் இம்மி பிசகுவதில்லை.

2022 டிசம்பர் 1-ஆம் தேதி ஜி20 தலைமைப் பொறுப்பு இந்தியாவுக்கு வந்தது. நூறு நினைவுச்சின்னங்களில் மாநாட்டின் தாமரைச் சின்னத்தை ஒளியால் வரைந்தார்கள். “நாம வாங்கிட்டோம்” என்றார்.

“சார், இது முறை வெச்சு வர்றதுதானே? போன வருஷம் இந்தோனேசியா, அடுத்தது பிரேசில். நம்ம பிளாக்குக்குத் தண்ணி டேங்கர் வர்ற மாதிரி.”

“டேங்கர் எல்லாருக்கும்தான் வருது. நாம எப்படிப் பிடிச்சோம்னு பாருங்க.”

அதன் பிறகு பத்து மாதம் எனக்குச் சோதனைக் காலம். 60 நகரங்களில் 200-க்கும் மேற்பட்ட கூட்டங்கள். ஒவ்வொன்றையும் அவர்தான் நடத்தினார். ஜூலைக் கடைசியில் ஜி20 சுற்றுச்சூழல் அமைச்சர்கள் சென்னையில் கூடினார்கள். அன்று மாம்பலத்து மச்சினரிடம் போனில், “இந்த வாட்டி உங்க ஊருக்குச் சுற்றுச்சூழலைக் குடுத்திருக்கோம். நாங்க தில்லியில முக்கியமானதை மட்டும் வெச்சுக்கிட்டோம்” என்றார். கவனித்தீர்களா? ‘நாங்க.’ மச்சினர் வெளியே.

இனி ‘அவங்க’ கணக்கு. மாநாட்டு அலங்காரத்துக்காகக் குருகிராமில் வைத்த பூந்தொட்டிகளைச் சொகுசுக் காரில் வந்து ஏற்றிக்கொண்டு போன காட்சியை ஊரே பார்த்துச் சிரித்தது. “அவங்க ஹரியானாக்காரங்க” என்றார். ஜூலை 13 அன்று யமுனை 208.66 மீட்டர் தொட்டது. அதுவரை யாரும் கண்டிராத உயரம். ஆற்றுப் படுகையில் கீரையும் காய்கறியும் பயிரிட்டவர்கள் மாட்டோடும் மூட்டையோடும் எங்கள் பக்கத்துச் சாலையோரம் கூடாரத்தில் கிடந்தார்கள். “அவங்க அணையைத் திறந்துட்டாங்க” என்றார். அதே ஹரியானா. நல்ல வேளையாக தில்லிக்கு அப்படி ஓர் அண்டை மாநிலம் வாய்த்திருக்கிறது. இல்லாவிட்டால் ‘அவங்க’ளுக்கு நாம சார் எங்கே போவார்?

குரங்கு விஷயத்தில் மறுபடி ‘நாம’. விருந்தினர் போகும் பாதைகளில் குரங்குத் தொல்லை வரக் கூடாது என்று, அவை அஞ்சும் கருமுகக் குரங்கின் உருவத்தை அட்டையில் வெட்டி நிறுத்தினார்கள். அதன் குரலில் கத்தத் தெரிந்த ஆட்களையும் போட்டார்கள். “நாம குரங்குக்குக்கூட ஏற்பாடு பண்ணியாச்சு” என்றவர், அந்தக் குரலைப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஒருமுறை செய்து காட்டினார். மொத்த மாநாட்டில் அந்த ஒரு வேலையை மட்டும் அவரிடம் நம்பிக் கொடுத்திருக்கலாம்.

சீன அதிபரும் ரஷ்ய அதிபரும் வரவில்லை. “அவங்க வரல.” 83 பத்திகள் கொண்ட பிரகடனம் முதல் நாளே ஏகமனதாக நிறைவேறியது. “நாம எல்லாரையும் ஒத்துக்க வெச்சுட்டோம்.” எங்கள் குடியிருப்பில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போடும் தீர்மானம் எட்டு மாதமாக நிற்கிறது. எதிர்த்து விழும் ஒரே ஓட்டு நாம சாருடையது. அங்கே மட்டும் “நான் ஒத்துக்க மாட்டேன்” என்பார். செலவுக்குத் தலை ஆட்ட வேண்டிய இடத்தில்தான் அவர் ஒருமைக்கு வருவார். இரண்டாம் நாள் மழையில் பாரத் மண்டப வளாகத்தில் தண்ணீர் தேங்கிய படத்தைக் காட்டினேன். “மழை பெஞ்சா தண்ணி தேங்கத்தானே செய்யும்” என்றார். தன்மை, முன்னிலை, படர்க்கை என்று எந்த மனிதருமே இல்லாத வாக்கியம்.

ஒரே ஒரு நாள் அந்த ‘நாங்க’ எனக்கே பிடித்துப்போனது. மண்டபத்தின் முன்னால் நிற்கும் நடராஜர் சுவாமிமலையில் செய்தது. சுமார் 27 அடி உயரம், 18 டன் எடை, மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டலால் மூடி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றும் பழைய முறை. அதை லாரியில் ஏற்றி தில்லிக்குக் கொண்டுவந்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பஞ்சாபிப் பெரியவரிடம், ‘நாங்க’ என்று ஆரம்பித்து, ஸ்தபதி எப்படி அளவு எடுப்பார், வண்டல் எதற்கு, காற்றுப்போக்கி எங்கே வைப்பார் என்று அரைமணி நேரம் சொன்னார். சொந்த ஊர் சுவாமிமலைக்குப் பக்கம். சின்ன வயதில் பட்டறை வாசலில் நின்று பார்த்தவராம். அந்த அரைமணி நேரமும் அவர் சொன்னதில் ஒன்றுகூடப் புளுகு இல்லை. குரல்கூடக் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

எங்கள் குடியிருப்பில் விடியற்காலையில் கார் துடைக்கும் பையன் ஒருவன் உண்டு. ஒன்பது மணிக்குமேல் கன்னாட் பிளேஸ் பக்கம் சோலே குல்சே தள்ளுவண்டி போடுவான். செப்டம்பர் 8 முதல் 10 வரை அந்தப் பகுதியில் கடை திறக்கக் கூடாது என்று உத்தரவு. வண்டியை அதற்கும் முன்பே ஓரங்கட்டச் சொல்லிவிட்டார்கள். நகரத்தில் சில இடங்களில் குடிசைகளை மறைத்துப் பச்சைத் துணி கட்டினார்கள். அதில் ஒன்றின் பின்னால்தான் இவன் வீடு. முன்பணம் கேட்டு நாம சாரிடம் வந்து நின்றான். நாம சார் அவன் தோளைத் தட்டி, இந்தியில், “நாட்டுக்காக நாம எல்லாரும் கொஞ்சம் பொறுத்துக்கணும்ப்பா” என்று அனுப்பிவிட்டார்.

நாம எல்லாரும் யார்? அந்த மூன்று நாளும் பள்ளி, அலுவலகம் எல்லாவற்றுக்கும் விடுமுறை. நாம சாரின் ஓய்வூதியம் ஒன்றாம் தேதியே வந்தாகிவிட்டது. என் சம்பளத்திலும் பிடித்தம் இல்லை. வீட்டில் உட்கார்ந்து, தலைவர்கள் கோனார்க் சக்கரப் படத்தின் முன்னால் கைகுலுக்குவதை டிவியில் பார்த்தோம். பொறுத்துக்கொண்டவன் அவன் ஒருவன்தான். விருந்தாளி வருகிறார் என்று வீட்டை மெழுகுவதில் தப்பில்லை. மெழுகியவளையே கொல்லைப்புறம் போய் நிற்கச் சொல்வதுதான் தப்பு. வாசலில் ‘ஒரே பூமி, ஒரே குடும்பம்’ என்று எழுதிப் போட்ட பிறகு அது இன்னும் பெரிய தப்பு.

பையனைத் திருப்பி அனுப்பிய அன்று சாயங்காலம் பார்க்கில் கேட்டே விட்டேன். “சார், அந்தப் பையனுக்கு மூணு நாள் வருமானம் போச்சு. நாம ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி போட்டுக் குடுத்துடலாமா?”

என்னைப் பார்த்தார். செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டார். பத்து மாதமாக மாநாட்டுப் பேச்சில் ஒருநாள்கூட அவர் வாயில் வராத ஒரு சொல் அப்போது வந்தது.

“நீங்க குடுங்க.”

கொடுத்தேன். மறுநாள் பெஞ்சுப் பக்கம் போனபோது பஞ்சாபிப் பெரியவரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. பாவம் அந்தப் பையன், நாமதான் ஏதோ பார்த்துக் குடுத்தோம்.