புதையலார்

இங்கிலாந்தின் கிராமப்புற நடைபாதைகளில் ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்ப்படுகிறவர்கள் மூன்று வகை. நாயைக் கூட்டி வருகிறவர்கள், நாய் இழுத்து வருகிறவர்கள், புதையலார். முதல் இரண்டு வகையும் பாதையில் நடக்கும். புதையலார் பாதையை விட்டு நாலடி தள்ளி, வேலிச் செடிக்குள் முன்பாதியை நுழைத்து, பின்பாதியை உலகத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்பார். காலடிச் சத்தம் கேட்டால் சட்டென்று வெளியே வந்து வானத்தை அண்ணாந்து பார்ப்பார். பறவை பார்க்கிறாராம். வானத்தில் ஒரு காக்கா கூட இருக்காது.

இவருடைய பொழுதுபோக்கின் பெயர் ஜியோகேஷிங். யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயாவது ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு போய்த் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வீடு திரும்புவார்கள். இதற்குத்தான் அறுபது வயதில் முள் குத்திக்கொள்கிறார். "என்ன கிடைத்தது?" என்று கேட்டால், "கிடைத்தது" என்பார். அதற்கு மேல் அந்தக் கேள்வியில் அவருக்கு எதுவும் விளங்காது.

எங்கள் பக்கத்து வீட்டிலேயே ஒருவர் இருப்பதால் இந்த இனத்தை அருகிலிருந்து கவனிக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்திருக்கிறது. அவருடைய தோள்பையை ஒருமுறை திறந்து காட்டினார். சாமணம், நனைந்த தாளிலும் எழுத ஒரு பென்சில், எழுதாத பேனாக்கள் சில, நீளும் கம்பியின் முனையில் பல் டாக்டர் கண்ணாடி, காந்தம், உண்ணி பிடுங்கும் கொக்கி, புது மாத்திரை டப்பாக்களிலிருந்து சேகரித்த ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள். அடியில் மடித்து வைத்த ஒரு ஒளிரும் மஞ்சள் மேலங்கி. அது எதற்கு என்று கேட்டேன். ஊருக்குள் இருக்கும் டப்பாக்களுக்காம். அதை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு அட்டையையும் வைத்துக்கொண்டால், விளக்குக் கம்பத்தைப் பட்டப்பகலில் கழற்றினால் கூட யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்களாம். இந்த நாட்டைப் பற்றி இத்தனை வருஷத்தில் நான் கேட்ட மிக உண்மையான வாசகம் அதுதான்.

இவரிடம் சிக்கியவர்கள் வரலாறு கேட்காமல் தப்ப முடியாது. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. 2000 மே 2ஆம் தேதி அதை நிறுத்தினார்கள். மறுநாளே, ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் பக்கம் டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைப் பாதி மண்ணுக்குள் இறக்கி வைத்து, இருக்கும் இடத்தை இணையத்தில் அறிவித்தார். வாளிக்குள் புத்தகம், மென்பொருள், கொஞ்சம் பணம், ஒரு உண்டிவில், ஒரு டின் பீன்ஸ். அந்த பீன்ஸ் டின் பின்னால் துருப்பிடித்த நிலையில் திரும்பக் கிடைத்து, இப்போது கூட்டங்களுக்கெல்லாம் எழுந்தருளிக்கொண்டிருக்கிறது. இதைச் சொல்லும்போது புதையலாருக்குக் குரல் தழுதழுக்கும்.

குறுக்கே ஒரு சந்தேகம் கேட்டேன். நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் டப்பாவை மண்ணில் புதைக்கக் கூடாது என்பது இன்றைய விதி. தின்பண்டம் வைக்கக் கூடாது, நரியும் எலியும் மோப்பம் பிடித்து வரும் என்பது இன்னொரு விதி. ஆயுத வகையறா எதுவும் ஆகாது என்பது மூன்றாவது. அப்படியானால் அந்த ஆதி வாளி? புதையலார் சற்று நேரம் பேசவில்லை. "அவர்கள் வேறு யுகத்தவர்கள்" என்றார்.

விதி என்றால் புதையலாருக்கு உயிர். ஒரு டப்பாவுக்கும் அடுத்த டப்பாவுக்கும் இடையில் 161 மீட்டராவது இருக்க வேண்டும் என்பதில் தொடங்கி, பிறந்த நாள் விருந்திலும் விதிதான் பேசுவார். அவற்றுள் தலையாயது மாற்று விதி. பெரிய டப்பாக்களில் சில்லறைச் சாமான்கள் கிடக்கும்: கோல்ஃப் பந்து, சாவிக்கொத்து, பர்கர் கடையில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் பொம்மை. எதையாவது எடுத்தால் அதற்குச் சமமான மதிப்புள்ளதை, முடிந்தால் ஒரு படி மேலானதை, பதிலுக்கு வைக்க வேண்டும். ஒருமுறை அவரோடு போயிருந்தபோது பேத்திக்கென்று ஒரு பிளாஸ்டிக் டைனோசரை எடுத்தார். அதற்கு ஒரு கால் கிடையாது. பதிலுக்குப் பையிலிருந்து ஒரு சிறு கைவிளக்கை எடுத்தார். அதிகம் என்று உள்ளே வைத்தார். ஒரு கோலிக்குண்டு எடுத்தார். குறைவு என்று தோன்றியது. மழை தூறத் தொடங்கிவிட்டது. கடைசியில் இரண்டு கோலிக்குண்டுகளை வைத்துவிட்டு, மூடியை மூடி, திரும்பத் திறந்து மூன்றாவதையும் போட்டார். டைனோசருக்கு மூன்று கால் இருந்ததே, அதனாலாம்.

இதே மனிதர் என் அலுமினிய ஏணியை இரவல் வாங்கிப் போய் இரண்டு கோடை கடந்துவிட்டது. ஏணி சௌக்கியமாகத்தான் இருக்கிறது. அவர் இணையத்தில் போட்டிருந்த ஒரு புகைப்படத்தில் பார்த்தேன். ஓக் மரத்தின் உச்சிக் கிளையில் தொங்கும் டப்பா ஒன்று. ஏறும் கஷ்டம் அஞ்சுக்கு அஞ்சு, தனி உபகரணம் தேவை என்று குறிப்பு. உபகரணம் மரத்தில் சாய்ந்து நிற்கிறது.

பெரிய டப்பாவாவது பரவாயில்லை. நானோ என்று ஒன்று இருக்கிறது. சட்டைப் பித்தான் அளவு, பின்னால் காந்தம். சாலைப் பலகையின் பின்புறமோ, பூங்கா பெஞ்சின் அடியிலோ ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மூடியைத் திருகித் திறந்தால் உள்ளே சுருட்டிய காகித நாடா. சாமணத்தால் இழுத்து, பிரித்து, முழங்காலில் வைத்து, எறும்பு எழுத்தில் தேதியும் புனைபெயரும் எழுத வேண்டும். எழுதுவது சுலபம். அந்த நாடாவைத் திரும்பச் சுருட்டி, அது வந்த அதே ஓட்டைக்குள் நுழைப்பது இருக்கிறதே, அங்கேதான் புதையலாரின் குலம் கோத்திரம் எல்லாம் தெரியும். காற்றடிக்கும். விரல் மரத்திருக்கும். நாடா பாதியில் விரிந்துகொள்ளும். நல்ல குடும்பத்தில் பிறந்து, தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிற மனிதர் அப்போது சொல்லும் வார்த்தைகளை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

தேவாலயம் என்றதும் நினைவு வருகிறது. பிரிட்டனில் தேவாலயங்களுக்குப் பக்கத்தில் மட்டும் டப்பா வைக்கும் 'சர்ச் மைக்ரோ' என்ற பெரிய வரிசை ஒன்று உண்டு. பல இடங்களில் டப்பா இருக்கும் இடத்தை நேராகச் சொல்ல மாட்டார்கள். கல்லறை வாசகத்தில் உள்ள வருஷங்களைக் கூட்டிக் கழித்துத் தீர்க்கரேகையின் கடைசி இலக்கங்களைப் பெற வேண்டும். புதையலார் கல்லறைத் தோட்டத்தில் கையில் கால்குலேட்டரோடு நிற்பார். பூங்கொத்து வைக்க வந்த அம்மாள் ஒருவர், இவர் தம் உறவினருடைய சமாதி முன் வெகுநேரம் தலைகுனிந்து நிற்பதைக் கண்டு நெகிழ்ந்து போய், "அவரை உங்களுக்குப் பழக்கமா?" என்று கேட்டிருக்கிறார். "இரண்டு வருஷம் முன்னால் போயிருந்தால் கணக்கு சரியாக வந்திருக்கும்" என்று சொல்ல வாயெடுத்த புதையலார், ஆண்டவன் கிருபையால் இருமினார். நூற்றுக்கணக்கான தேவாலயங்களின் மதில், வாயில், அறிவிப்புப் பலகை எல்லாம் இவருக்கு அத்துப்படி. பெரும்பாலானவற்றுக்குள் காலெடுத்து வைத்ததில்லை.

விஷயம் தெரியாத நம்மைப் போன்றவர்களுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் மக்கிள். ஹாரி பாட்டர் கதையில் மந்திரம் தெரியாத சாமானியர்களின் பெயர் அது. மக்கிள் கண்ணில் படாமல் எடுப்பதும் வைப்பதும்தான் தர்மம். ஆனால் பார்க்காதவர் கண்ணுக்குத் தப்புவதற்காக இவர் செய்யும் காரியங்களால்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அவிழாத ஷூ நாடாவைப் பத்து நிமிஷம் கட்டுவார். அணைந்த கைப்பேசியில் யாரோடோ சத்தமாகப் பேசுவார். 2011ல் யார்க்‌ஷயரில் வெதர்பி என்ற ஊரில், இப்படி ஒருவர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நோண்டிக்கொண்டிருந்ததைப் பக்கத்துக் கடைக்காரர் பார்த்துச் சந்தேகப்பட்டு, போலீஸ் வந்து, தெருவை அடைத்து, வெடிகுண்டு நிபுணர்கள் அந்த டப்பாவைத் தகர்த்தே விட்டார்கள். அந்தக் கதையைப் புதையலார் சொல்லும்போது அவருடைய கவலையெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: தாளில் அன்றைக்குக் கையெழுத்துப் போட்டவருடைய கணக்கு செல்லுமா செல்லாதா?

டப்பாவைக் காணாவிட்டால் காணவில்லை என்று இணையத்தில் பதிய வேண்டும். தேடிப் பார்த்துக் கிடைக்காததால் கையிலிருந்த பழைய ஃபிலிம் டப்பா ஒன்றை அங்கே போட்டுவிட்டு, கண்டெடுத்ததாக எழுதிக்கொள்கிற ஆசாமிகள் உண்டு. அவர்கள் பெயரைப் புதையலார் வீட்டில் சொல்லக் கூடாது. வரிவிலக்குப் பாரத்தில் வாடகைக் கணக்கைத் தாராளமாக எழுதியதை என்னிடமே சிரித்துக்கொண்டு சொன்னவர்தான். போலிக் கண்டெடுப்பு என்றால் முகம் சிவந்துவிடும். நன்றி சொல்வதிலும் அப்படித்தான். 'டிஎஃப்டிசி', டப்பாவுக்கு நன்றி, என்று நாலே எழுத்தில் முடித்துக்கொள்கிறவர்களை மனிதராகவே மதிக்க மாட்டார். இவர் எழுதுவதெல்லாம் வியாசம். வானிலை, சேறு, எதிர்ப்பட்ட மாடு, மாட்டின் மனநிலை, எல்லாம் வரும்.

இத்தனைக்கும் மேலே நாணயம். செலவழிக்கும் காசு இல்லை. உள்ளங்கைக்கு அடங்கும் உலோக வில்லை, எனாமல் பூச்சு, ஓரத்தில் பொறித்த ரகசிய எண். காசு கொடுத்து வாங்கி, இணையத்தில் பதிந்து, ஒரு குறிக்கோளைச் சொல்லி டப்பாவில் போட்டு அனுப்ப வேண்டும். கண்டவர் எடுத்துப் போய் இன்னொரு டப்பாவில் சேர்ப்பார். எங்கிருந்து எங்கே எத்தனை மைல் என்று கணக்கு ஏறும். இதற்கு மாற்றுப் பொருள் வைக்க வேண்டியதில்லை. ஆனால் எடுத்தவர் ரெண்டு வாரத்துக்குள் கை மாற்ற வேண்டும் என்பது மரியாதை. விவரம் தெரிந்த பலர் அசலைப் பீரோவில் பூட்டிவிட்டு, அதன் படத்தை அச்சடித்து லாமினேட் செய்து அனுப்புகிறார்கள். நம் ஆளுக்கு அது பிடிக்காது. அசலையே அனுப்பினார். கலங்கரை விளக்கங்களைப் பார்த்துக்கொண்டே போய் ஆஸ்திரேலியா சேர வேண்டும் என்பது அதன் குறிக்கோள்.

பெண்ணைத் தூர தேசத்தில் கட்டிக் கொடுத்த தகப்பனார் தபால்காரனுக்குக் காத்திருப்பதை, கடிதம் ஒழிந்த இந்தக் காலத்தில் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் பக்கத்து வீட்டுக்கு வரலாம். முதல் மாதம் கார்ன்வாலிலிருந்து தகவல் வந்தது. எனக்கு டீ கிடைத்தது. பிறகு பிரான்ஸ். பிறகு கடற்கரையே இல்லாத பவேரியா. அங்கே ஒருவர் எடுத்தார். எடுத்தவர் அதைக் கீழே வைக்காமல் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு, தான் போகிற டப்பாவுக்கெல்லாம் அதுவும் விஜயம் செய்ததாகப் பதிந்துகொண்டே இருந்தார். மைல் ஏறியது. நாணயம் மியூனிக்கைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு அதுவும் நின்றது.

புதையலார் நினைவூட்டுக் கடிதம் எழுத ஆரம்பித்தார். முதல் கடிதம் வெகு இனிமை: தாங்கள் மறந்திருக்கலாம், அவசரமில்லை. இரண்டாவதில் அவசரமில்லை என்ற சொல் இல்லை. மூன்றாவதை என்னிடம் வாசித்துக் காட்டினார்: "பிறருடைய பொருளை இரவல் பெற்றவர், தம் வசதிப்படி வைத்துக்கொள்வது எந்த நாகரிகத்திலும் ஏற்கத்தக்கது அன்று." நான் தோட்டத்துக் கொட்டகைப் பக்கம் பார்த்தேன். ஏணியின் மேல் படிகள் இரண்டு ஜன்னலுக்கு வெளியே தெரிந்தன. "ரொம்பச் சரி, அனுப்புங்கள்" என்றேன்.

ரகசிய எண்ணிலும் ஒரு ஒழுக்கம் இருக்கிறது. நாணயத்தை நேரில் பார்த்தவர்தான் பார்த்ததாகப் பதியலாம். புகைப்படத்தில் எண்ணைப் படித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடி பதிகிறவர்கள் அவருடைய தராசில் ஃபிலிம் டப்பா ஆசாமிகளுக்கும் கீழே. இந்தக் கொள்கைக்குச் சோதனை செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்தது. 2021 பிப்ரவரியில் அங்கே இறங்கிய நாசாவின் பெர்சிவரன்ஸ் வண்டியில், ஷெர்லாக் என்ற கருவியைச் சரிபார்க்க வைத்திருக்கும் பலகையில், தலைக்கவச முகப்புக்கு ஆகும் பிளாஸ்டிக்கில் செய்த வில்லை ஒன்று இருக்கிறது. ஷெர்லாக் ஹோம்ஸின் பேக்கர் தெரு விலாசம் பொறித்த அந்த வில்லைக்கு ஜியோகேஷிங் எண்ணும் உண்டு. வண்டி அனுப்பும் படத்தைப் பார்த்து எண்ணைப் படித்துப் பதிந்துகொள்ளலாம் என்று ஜியோகேஷிங் தலைமையகமே அனுமதித்துவிட்டது.

புதையலார் ஒரு வாரம் தவித்தார். நேரில் பார்க்காமல் பதிவதா? நேரில் போவதென்றால் மனைவி சம்மதிக்க வேண்டும். கடைசியில் ஒரு இரவு பதிந்துவிட்டார், ஆறு பத்தி வியாசத்தோடு. மறுநாள் முகம் தெளிவாக இல்லை. விசாரித்தேன்.

"வண்டி அதை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கவனித்தீர்களா?" என்றார். "வருஷக்கணக்காகிறது. இன்னும் எந்த டப்பாவிலும் போடவில்லை."

நாசாவுக்கு எழுதும் கடிதத்தில் முதலிலேயே கடுமை காட்டலாமா, அல்லது வழக்கப்படி இனிமையாகத் தொடங்கலாமா என்று என் அபிப்பிராயத்தைக் கேட்டார்.