கருந்திரையில் நீலம்: சிவகாசியை முன்வைத்து ஓர் ஆய்வு

கட்டளை வரித் திரைக்கு நிறம் அமைப்பதை அற்ப விஷயம் என்பாரும் உளர். அவர் சிவகாசி அறியாதார்.

1. மரபுகள். இவ்வூரில் நிறத்தொழில் இரண்டு. பட்டாசுக்காரர் இருண்ட வானத்தில் ஒளியால் எழுதுகிறார். அச்சகத்தார் வெள்ளைத்தாளில் மையால் எழுதுகிறார். ஆகவே டெர்மினலுக்குக் கறுப்புப் பின்னணி வைப்போர் பட்டாசு மரபினர். வெள்ளை வைப்போர் காலண்டர் மரபினர். ஒருவர் திரை மற்றவர் கண்ணுக்கு ஆகாது.

2. மருந்து. சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்குப் பேரியம், மஞ்சளுக்குச் சோடியம், நீலத்துக்குச் செம்பு என்பது பட்டாசு மரபு. திரையில் இவை முறையே 31, 32, 33, 34. எண்ணுக்கு முன்னே எஸ்கேப் என்னும் 27ஆம் குறியும் ஒரு சதுர அடைப்பும், பின்னே ‘எம்’ என்ற எழுத்தும் வரும். இதுவே திரி. இவ்வகைத் திரியைப் பரப்பிய பெருமை 1978-இல் வந்த விடி100 முனையத்துக்கு உண்டு. அதற்கோ நிறமே கிடையாது.

3. நீலச் சிக்கல். செம்பும் குளோரினும் கூடினால் நீலம் பிறக்கும். சூடு மிஞ்சினால் அக்கூட்டு சிதைந்து நிறம் வெளுக்கும். வாணத்தில் நீலமே கடினம் என்பது இதனால். திரையிலும் 34 கறுப்போடு கறுப்பாகிறது. லினக்ஸோ கோப்புறைப் பெயர்களை அந்த நீலத்தில்தான் காட்டும். பரிகாரம்: ‘எல்எஸ்_கலர்ஸ்’ மாறியில் கோப்புறைக்குரிய 34-ஐ 36 ஆக்குக. நீலம் மயில்நிறமாகும், கண் பிழைக்கும்.

4. அணைத்தல். நிறம் ஏற்றியவர் பூஜ்யம் இட்டு அணைக்க வேண்டும். தவறினால் வருவது யாது? ஓர் அச்சகத்தின் கணக்கு நிரலில் நாம் ஒரு பிழைச் செய்திக்கு 31 வைத்து, பூஜ்யத்தை மறந்தோம். அதற்குக் கீழே தீபாவளி வரவு முழுதும் சிவந்து இறங்கியது.

“என்ன தம்பி, அம்புட்டும் நட்டமா?” என்றார் அச்சகத்து அண்ணாச்சி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு.

இத்தகையோர் பொருட்டே ‘நோ_கலர்’ என்னும் மாறி 2017-இல் முன்மொழியப்பட்டது. அதை அமைத்தால், அதற்குக் கட்டுப்படும் நிரல்கள் நிறமின்றிப் பேசும். அமைத்தோம். திரை வெளுத்தது, அண்ணாச்சி முகம் தெளிந்தது.

5. முடிபு. நான்கு வண்ண அச்சில் தலை நரைத்த அவர் கூற்றையே இவ்வாய்வின் முடிபாகக் கொள்க:

“கலரெல்லாம் விக்கிறதுக்குத் தம்பி. கணக்குக்கு எதுக்கு?”