பிப்ரவரி 30

கே: "வாங்கின கடனை பிப்ரவரி 30-ஆம் தேதி தந்துவிடுகிறேன்" என்கிறான் நண்பன். நம்பலாமா?

ப: 1712-இல் ஸ்வீடனில் வாங்கிய கடன் என்றால் தாராளமாக நம்பலாம். அந்த வருஷம் அங்கே பிப்ரவரிக்கு 30 நாள்! ஜூலியன் நாட்காட்டியிலிருந்து கிரிகோரியனுக்கு அலுங்காமல் மாற, 1700 முதல் 40 வருஷம் லீப் நாளே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். 1700-இல் விட்டார்கள். போர் மும்முரத்தில் 1704, 1708 இரண்டிலும் விடத் தவறினார்கள். தேதி பழையதோடும் ஒட்டவில்லை, புதியதோடும் ஒட்டவில்லை. எனவே 1712-இல் லீப் நாளோடு இன்னொரு நாளையும் சேர்த்துப் பழையதற்கே திரும்பினார்கள். 1753-இல்தான் பிப்ரவரி 17-க்கு மறுநாள் மார்ச் 1 என்று ஒரே தாவாகத் தாவினார்கள்.

கே: நம் நாட்டுக்கும் ஒரே காலண்டர் வைத்தால் என்ன?

ப: வைத்தாயிற்றே! நாடெங்கும் புழங்கிய பஞ்சாங்கங்களை விஞ்ஞானி மேகநாத் சாகா குழு ஆராய்ந்து வகுத்த தேசிய நாட்காட்டி, 1957 மார்ச் 22 முதல் நடப்பில் இருக்கிறது. மத்திய அரசிதழில் இன்றும் அந்தத் தேதி அச்சாகிறது. இன்று அதில் என்ன தேதி, சொல்லுங்கள் பார்ப்போம்? பண்டிகைக்கு நாம் புரட்டுவது இன்றும் பஞ்சாங்கத்தைத்தான்.

தேதியை அரசு குறிக்கலாம். திருநாளை மக்கள்தான் குறிப்பார்கள்.