முதுகு நூல்

பாயிரம்

சம்பளத்துக்குச் சைக்கிள் மிதிப்போர் இருவகைப்படுவர்: மலையேற வல்லார் ஒருவர், மலையைக் கண்டதும் வீட்டை நினைப்பார் மற்றொருவர். பின்னவருள் ஓர் இனமே இந்நூலின் பொருள். ஸ்பிரின்டர் எனப்படுவார், 180 கிலோமீட்டர் தூரம் பிறர் முதுகுக்குப் பின்னே ஒளிந்து வந்து, கடைசி 200 மீட்டரில் வெளிப்பட்டு, மணிக்கு 70 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் பத்துப் பன்னிரண்டு நொடி மிதித்து, அன்றைய பூங்கொத்தையும் மறுநாள் தலைப்புச் செய்தியையும் வாங்கிக்கொண்டு போகிறவர். இவ்விலக்கணம் அரசியல்வாதிக்கும் பொருந்துமாகலின் அதிவியாப்தி என்னும் குற்றம் தங்கும் என்பார்க்கு, அரசியலில் கடைசி 200 மீட்டரையும் வேறொருவரே மிதிக்கிறார் என்று விடை கூறுக.

முந்தைய ஆசிரியர்கள் இவ்வினத்தைத் தொடையின் சுற்றளவால் பகுத்தனர். பின்வந்தோர் வாட் கணக்கால் பகுத்தனர். இரண்டும் நில்லா. மார்க் கேவெண்டிஷ் என்பவர் ஐல் ஆஃப் மேன் தீவில் 1985-இல் பிறந்தவர். வங்கியில் வேலை பார்த்துக் காசு சேர்த்த பிறகு பயிற்சிக்குப் போனவர். ஆய்வகத்தில் நிலைச் சைக்கிளில் ஏற்றி மிதிக்கவிட்டபோது வந்த எண்கள் யாரையும் அசரவைக்கவில்லை. உயரம் 175 செ.மீ. ஜெர்மனியின் மார்செல் கிட்டல் 188 செ.மீ., எந்த அளவுகோலை வைத்தாலும் நிறைந்து நிற்கும் உடம்பு. டூர் டி பிரான்ஸ் என்னும் மூன்று வாரப் பந்தயத்தில் கிட்டல் வென்ற கட்டங்கள், அதாவது ஒருநாள் ஓட்டங்கள், 14, கேவெண்டிஷ் வென்றவை 35. ஆய்வகத்தில் காற்று அடிப்பதில்லை என்பதே இதன் காரணம். சாலையில் அடிக்கிறது. கேவெண்டிஷ் கைப்பிடிக்கும் கீழே மூக்கைக் கொண்டுபோய்க் குனிந்து, காற்றுக்குத் தம்மைக் காட்டாமல் மிதிப்பார். ஆகவே பகுப்புக்கு அடிப்படை காற்று. காற்றை மறைப்பது முதுகு. ஒரு ஸ்பிரின்டரை அறிய வேண்டின், அவர் யார் முதுகைப் பார்த்தபடி வந்தார் என்று கேட்க.

முதுகியல்

முன்னே ஒருவர் போக, அவர் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பின்தொடர்பவருக்கு உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம். இந்த மிச்சத்தைச் சேமித்துக்கொண்டே வந்து கடைசியில் மொத்தமாகச் செலவழிப்பதுதான் தொழில். முதுகு கிடைக்கும் வழியால் இவர்கள் மூவகையினர்.

முதல்வர், கட்டிவைத்த முதுகுடையார். இவருக்கென அணியில் நாலைந்து பேர் வரிசையாக நின்று, ஒருவர் பின் ஒருவராகக் காற்றில் தேய்ந்து விலகுவர். இதற்கு ‘ட்ரெயின்’ என்று பெயர். இத்தாலியின் மாரியோ சிப்போலினிக்கு 1990-களில் சாயெகோ அணி ஓட்டிய சிவப்பு ட்ரெயின் இதன் மூத்த சான்று. 1999 டூரில் அவர் நான்கு நாள் தொடர்ந்து வென்றார். அவற்றுள் லாவாலிலிருந்து ப்ளுவா வரையிலான கட்டத்தின் சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் மேல். அதே டூரில் ஒருநாள் ஜூலியஸ் சீசர் வேடத்தில் வந்து நின்றார். வேடத்தை வைத்து வகைபிரிப்பது இந்நூலின் நோக்கமன்று.

ட்ரெயினின் கடைசிப் பெட்டியை லீட்-அவுட் என்பர். சுமார் 200 மீட்டர் மிச்சமிருக்கையில் ஸ்பிரின்டரை வெளியே விட்டுத் தாம் ஒதுங்குவது அவர் கடமை. ஒதுங்கியவரை மறப்பது கேமராவின் கடமை. இவ்விதி ஒருமுறை தவறியது. 2009 டூரின் கடைசி நாள், பாரிஸின் ஷான்ஸ்-எலிசே சாலையில், கேவெண்டிஷின் லீட்-அவுட்டான ஆஸ்திரேலியர் மார்க் ரென்ஷா ஒதுங்க மறந்தாரோ, பின்னால் வந்தவர்களுக்கு எட்டவில்லையோ, அவரே இரண்டாமிடம் பிடித்தார். முதுகுக்கும் தலை உண்டு என்பதை அடுத்த ஆண்டே நிறுவினார்: 11-ஆம் கட்டத்தில் பக்கத்தில் வந்த ஜூலியன் டீனைத் தலையால் முட்டி, டூரிலிருந்தே வெளியேற்றப்பட்டார்.

இவ்வகையில் அரச முதுகு என்று ஓர் உட்பிரிவு உண்டு. 2012-இல் டூரையே வென்று மஞ்சள் ஜெர்சி அணிந்திருந்த பிராட்லி விக்கின்ஸ், கடைசி நாள் ஷான்ஸ்-எலிசேயில் தாமே முன்னால் வந்து கேவெண்டிஷுக்குக் காற்றை மறைத்தார். மூன்று வாரம் எல்லாரும் யாருக்காக உழைத்தார்களோ அவர், மூன்று நிமிடம் இன்னொருவருக்காக உழைத்தார். இது கடன் தீர்ப்பு என்பர். ஆனால் முந்தைய ஆண்டு கோபன்ஹேகன் உலகப் போட்டியில் பிரிட்டன் அணியினர் நாள் முழுக்கக் கூட்டத்தை இழுத்துப் போய்க் கேவெண்டிஷை உலக சாம்பியனாக்கியிருந்தார்கள். ஆக யார் யாருக்குக் கடன்பட்டவர் என்று கணக்குப் பார்க்கப் புகுந்தால் உரை பெருகும்.

இரண்டாமவர், களவு முதுகுடையார். சொந்த ட்ரெயின் இல்லை, டிக்கெட்டும் இல்லை. அடுத்தவர் ட்ரெயினில் நடுப்பெட்டியில் ஏறி, நிலையம் வருமுன் குதிப்பார். இவ்வகையின் திலகம் ஆஸ்திரேலியர் ராபி மெக்யூவன். இப்படியே 12 டூர் கட்டங்களும் 2002, 2004, 2006 ஆண்டுகளின் பச்சை ஜெர்சியும் (இதன் இலக்கணம் கீழே) எடுத்தார். 2007-இல் லண்டனிலிருந்து கேன்டர்பரி போகும் வழியில் விழுந்து கை அடிபட்டவரை, அணித்தோழர்கள் கூட்டத்தோடு கொண்டுபோய்ச் சேர்க்க, அன்றும் அவரே வென்றார். அன்று மட்டும் அவர் முதல் வகையினர் என்று சிலர் வாதிப்பர். சேர்த்ததோடு தோழர் வேலை முடிந்தது, வென்ற முதுகு வழக்கம்போல் பிறருடையது என்பது எம் துணிபு.

மூன்றாமவர், முதுகு பாராதார். ஸ்லோவாக்கியாவின் பீட்டர் சாகன் சின்ன மேடுகளைத் தாண்டிவிடுவார். தாண்ட முடியாத தூய ஸ்பிரின்டர்கள் பின்தங்கிய நாட்களில் புள்ளிகளைப் பொறுக்கிக்கொள்வார். பச்சை ஜெர்சி 1953 முதல் புள்ளிக்கணக்கில் தலைமை வகிப்பவருக்குத் தரப்படுவது. அதை ஏழுமுறை எடுத்தவர் இவர் ஒருவரே. அதிகக் கட்டம் வென்றவருக்கே பச்சை என்று எண்ணியிருந்தோர் இவரால் கெட்டனர்.

கையியல்

முடிவுக்கோட்டில் கை தூக்குதல் மூவகைத்து: உரிய காலத்தில் தூக்கல், முந்தித் தூக்கல், பிந்தித் தூக்கல். முதலாவது வெளிப்படை.

முந்தித் தூக்கலுக்கு ஜெர்மனியின் எரிக் சாபெல். 1996 முதல் 2001 வரை ஆறு பச்சை ஜெர்சிகளைத் தொடர்ந்து வென்றவர். ஊக்கமருந்து எடுத்ததைப் பிற்பாடு ஒப்புக்கொண்டவர். அது வேறு நூலுக்குரியது. மிலான்–சான் ரெமோ பந்தயத்தை நான்குமுறை வென்றிருந்த அவர், 2004-இல் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் மிதித்து வந்து, கோட்டுக்குச் சற்று முன்பே இரு கையையும் உயர்த்தினார். பக்கத்தில் வந்த ஸ்பெயினின் ஆஸ்கர் ஃப்ரெய்ரே கை உயர்த்தவில்லை. சைக்கிளை முன்னே தள்ளினார். ஐந்தாவது வெற்றி அங்கே போயிற்று. பின்னர் 2009-இல் சாபெல் கேவெண்டிஷின் அணிக்கு ஆலோசகர். அவ்வாண்டு சான் ரெமோவில் முன்னே பாய்ந்துவிட்ட ஹைன்ரிஷ் ஹவுஸ்லரைக் கேவெண்டிஷ் கோட்டின் மேலேயே சில சென்டிமீட்டரில் முந்தினார். கோடு எங்கே இருக்கிறது என்பதை சாபெலைவிட நன்றாகச் சொல்லித்தர உலகில் யாருமில்லை.

பிந்தித் தூக்கலுக்கு பெல்ஜியத்தின் யாஸ்பர் பிலிப்சன். 2022 டூரில் கலே நகரில் கூட்டத்தை வென்று கையை விரித்து மகிழ்ந்தார். சில நொடிகளுக்கு முன்பே வவுட் வான் ஆர்ட் தனியாக வந்து வென்று முடித்திருந்ததை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அந்த டூரிலேயே பிறகு இரண்டு கட்டம் வென்றார், அடுத்த ஆண்டு பச்சையும் எடுத்தார். ஆயினும் இந்த ஒரு புகைப்படம் அவரை விடுவதாக இல்லை.

மூன்றிலும் அடங்காத கை ஒன்று. 2017-இல் நுய்-சென்-ஜார்ஜ் ஊரில் கிட்டலும் நார்வேயின் எட்வால்ட் போவசன் ஹாகனும் சேர்ந்தே கோட்டைத் தொட்டனர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, 6 மில்லிமீட்டர் வித்தியாசத்தில் கிட்டல் என்றனர். அதுவரை இருவர் கையும் கைப்பிடியிலேயே.

மலையியல்

மலை நாளில் வென்றவரின் நேரத்தோடு குறிப்பிட்ட சதவீதம் கூட்டி ஒரு கெடு வைப்பர். தாண்டினால் மறுநாள் வரவேண்டியதில்லை. இதற்கு அஞ்சி ஸ்பிரின்டர்கள் கூட்டமாகப் பின்னால் வருவதை இத்தாலியர் குருப்பெட்டோ என்றும் பிரெஞ்சுக்காரர் பஸ் என்றும் வழங்குவர். முன்னால் நடப்பது பந்தயம். இங்கே நடப்பது மனக்கணக்கு. இவ்வளவு ஏற்றம், இவ்வளவு இறக்கம், இத்தனை நிமிடம் இழக்கலாம், அதற்குமேல் ஒரு நிமிடம்கூடக் கூடாது. இக்கணக்கில் தேர்ந்த ஓட்டுநர் ஆஸ்திரியர் பெர்ன்ஹார்ட் ஐசல். கேவெண்டிஷைப் பல மலைகளில் வீடு சேர்த்தவர்.

கணக்குத் தவறினாலும் பஸ்ஸில் பயணிகள் அதிகமென்றால் பயமில்லை. 2011-இல் கலிபியேர் மலையில் எண்பதுக்கும் மேற்பட்டோர் கெடுவைத் தாண்டினர். அத்தனை பேரையும் அனுப்பிவிட்டால் பாரிஸில் யாரை வைத்துப் பந்தயம் நடத்துவது? ஆளுக்கு 20 புள்ளி குறைத்து விட்டனர். மறுநாளும் அதே கதை, அதே 20. அப்படியும் கேவெண்டிஷ் பச்சை ஜெர்சியோடு பாரிஸ் போனார். 2018-இல் லா ரோசியேரில் பஸ் காலி. கேவெண்டிஷ், கிட்டல், ரென்ஷா மூவரும் கெடு கடந்து வர, மூவரும் வெளியே.

சிப்போலினியோ கணக்கே போடுவதில்லை. டூரை ஒருமுறைகூட முடித்ததில்லை. ஜிரோ டி இத்தாலியாவில் 42 கட்டங்கள் வென்று ஆல்ஃப்ரெடோ பிண்டாவின் பழைய சாதனையை முறியடித்தவர், பிரான்ஸின் மலைகளை ஒருவித மரியாதைக் குறைவோடே நடத்தினார் என்பர்.

வீழியல்

இங்கே பகுப்பு சிரிப்பதற்கில்லை. 1994 டூரில் ஆர்மான்டியேர் நகரில் போலீஸ்காரர் ஒருவர் புகைப்படம் எடுக்கப் பந்தயப் பாதைக்குள் சாய்ந்தார். குனிந்த தலையோடு வந்த வில்ஃப்ரீட் நெலிசன் அவர்மேல் மோத, லோரான் ஜலபெர்ட்டின் முகம் உடைந்தது. 2020 ஆகஸ்டில் போலந்தின் கடோவிட்சேயில் டிலான் குரூனவேகன் பாதை விலகி ஃபாபியோ யாக்கப்சனைத் தடுப்பின்மேல் தள்ள, யாக்கப்சனை மருத்துவர்கள் மருந்தால் மயக்கத்திலேயே வைத்திருந்தனர். முகத்தில் ஏராளமான தையல். பற்கள் ஏறக்குறைய எல்லாம் போயின. குரூனவேகனுக்கு ஒன்பது மாதத் தடை. 2022 டூர் டென்மார்க்கில் தொடங்கியது: இரண்டாம் கட்டம் யாக்கப்சனுக்கு, மறுநாள் மூன்றாம் கட்டம் குரூனவேகனுக்கு. அடுத்தடுத்த இரண்டு நாளில் இருவரும் வென்றனர். உரையாசிரியர் இங்கே எழுத ஒன்றுமில்லை.

பருவவியல்

பெண்பாற்கு ஏழு பருவம் வகுத்தனர் முன்னோர். ஸ்பிரின்டருக்கு நான்கு போதும்: பிறர் வியக்கும் பருவம், தாமே தம்மை வியக்கும் பருவம், பிறர் இரங்கும் பருவம், அணியின் காரில் உட்கார்ந்து இளையவருக்குக் கத்தும் பருவம். முப்பதைத் தாண்டினால் மூன்றாவது வந்ததாகக் கொள்க. கிட்டல் 31 வயதில் தாமாகவே இறங்கிக்கொண்டார். 1976 டூரில் எட்டுக் கட்டங்கள் வென்ற பெல்ஜியத்தின் ஃப்ரெடி மார்டென்ஸ், 1981-இல் திரும்பிவந்து உலகப் பட்டமும் வென்று, பின் வரிக் கடனில் மூழ்கி, கடைசியில் சைக்கிள் அருங்காட்சியகத்தில் வேலைக்கு அமர்ந்தார். அருங்காட்சியகத்தில் பொருளும் அவரே, விளக்குபவரும் அவரே.

கேவெண்டிஷின் பருவங்கள் வரிசையில் வரவில்லை. 2008-இல் நான்கு கட்டங்கள், 2009-இல் ஆறு, அடுத்த இரண்டு ஆண்டும் ஐந்தைந்து. ஷான்ஸ்-எலிசேயில் நான்கு ஆண்டு தொடர்ந்து அவரே. 2016 வரை 30. பிறகு எப்ஸ்டீன்-பார் வைரஸ், மனச்சோர்வு, வெற்றியில்லாத ஆண்டுகள். 2020 அக்டோபரில் பெல்ஜியத்தின் கென்ட்–வெவெல்கெம் முடிந்ததும், இதுவே கடைசிப் பந்தயமாக இருக்கலாம் என்று கேமரா முன் அழுதார். இரங்கும் பருவம் என்று எல்லாரும் ஏட்டில் குறித்துக்கொண்டனர். 2021-இல் பழைய அணியே அவரைத் திரும்ப எடுத்தது. அணியின் ஸ்பிரின்டர் சாம் பென்னட்டின் முழங்காலில் காயம் ஏற்படக் கடைசி நேரத்தில் டூருக்குள் வந்தார். நான்கு கட்டங்கள், பச்சை ஜெர்சி, கார்காசோனில் எடி மெர்க்ஸின் டூர் சாதனையான 34 கட்டங்களுக்குச் சமன். அதற்கு அடுத்த ஆண்டு, அதே அணி யாக்கப்சனை அழைத்துக்கொண்டு அவரை வீட்டில் விட்டது!

2023-இல் ஓய்வு அறிவித்தார். அறிவித்த சில நாளில் ரோம் நகரில் ஜிரோவின் கடைசிக் கட்டத்தை வென்றார். டூரில் போர்டோவில் பிலிப்சனுக்குப் பின் இரண்டாமிடம். மறுநாள் விழுந்து காறை எலும்பு முறிந்தது. ஓய்வை ஓர் ஆண்டு தள்ளிவைத்தார். 2024-இன் முதல் கட்டத்தில், இத்தாலிய வெயிலில் மேடேறும்போது வாந்தியெடுத்து, பஸ்ஸின் கடைசி இருக்கையில் தொங்கிக்கொண்டு கெடுவுக்குள் வந்தார். நான்கு நாள் கழித்து, ஜூலை 3 அன்று, சென்-வுல்பாவில், ஒருவர் முதுகிலிருந்து இன்னொருவர் முதுகுக்கு மாறி மாறிப் பாய்ந்து 35. அப்போது வயது 39. கட்டிவைத்த ட்ரெயின் கடைசியில் கலைந்துவிட்டதால் அன்று அவர் களவு முதுகினர். வாழ்நாள் முழுக்க முதல் வகையில் வைத்திருந்தவரைக் கடைசி 300 மீட்டரில் இடம் மாற்ற வேண்டியதாயிற்று.

புறனடை

மேற்கூறியவற்றுள் அடங்காதவரை இங்கே வைக்க. ஜலபெர்ட், முகம் தேறி எழுந்தபின் ஸ்பிரின்டை விட்டார். 1995-இல் ஸ்பெயின் சுற்றையே வென்று, பின்னர் டூரில் மலையரசருக்குரிய புள்ளி ஜெர்சியையும் இருமுறை எடுத்தார். இவரை இனத்திலிருந்து நீக்கிவிடலாம். அவரும் ஆட்சேபிக்க மாட்டார்.

தாஷ்கென்ட்டின் ஜமாலிதீன் அப்துஜபாரோவ் அப்படி எளிதில் போகிறவரல்லர். தலையை ஆட்டி ஆட்டி, நேர்கோட்டை ஒரு யோசனையாக மட்டும் கருதி மிதித்தவர். 1991-இல் ஷான்ஸ்-எலிசேயில் கோட்டுக்கு முன் தடுப்பில் மோதிப் பறந்து விழுந்தார். கோட்டைக் கடந்தால்தான் பச்சை ஜெர்சி என்பதால், பிறர் தாங்கிப் பிடிக்க நடந்தே கடந்தார். இதுவரை வீழியலில் வைக்கலாம். ஆனால் 1996-இல் மேடுபள்ளமான வழியில் துல் நகருக்குப் போன கட்டத்தில், கூட்டத்தை விட்டுத் தப்பி ஓடிய சிறு குழுவோடு சென்று வென்றார். ட்ரெயின் இல்லை, திருடிய பெட்டி இல்லை, பஸ்ஸும் இல்லை. இந்த ஒரு வெற்றிக்காகப் புதிய இயல் திறக்க ஆசிரியருக்கு மனமில்லை. அவரைத் துல் வரை மலையேறினவர் என்றும் மற்றை நாளெல்லாம் ஸ்பிரின்டர் என்றும் இரண்டு இடத்தில் எழுதிக்கொள்க.